நான்கு நெறிகள்: நீதிபதி ஸையித் ஃபஸ்ல் அலீ விட்டுச் சென்ற பாடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே முழுமையாக வெளியிடப்படுகிறது.)

 

 

"நீதித்துறையில் நம் சமுதாயத்தவர்" என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பெயர்களை அடுக்கிப் பெருமை பேசுவது எளிது, கேட்பவர்க்கும் இனிக்கும். ஆனால், வீட்டுக்குத் திரும்பும்போது கையில் ஒன்றும் இராது. ஆகவே, ஒரே ஒரு நீதிபதியை எடுத்துக்கொள்கிறேன். அவர் சட்டத்தை எவ்வாறு படித்தார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதைச் சொல்லி, அதிலிருந்து இந்தப் பள்ளிவாசலின் நிர்வாக அறைக்குள் நாம் கொண்டுவர வேண்டிய பாடம் ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன்.

நாம் கூடியிருக்கும் ஊர் மதுரை. நீதியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் இல்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளை இங்கே திறக்கப்பட்டது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சிலப்பதிகாரம் பேசும் தவறான தீர்ப்பு இந்த ஊரில்தான் வழங்கப்பட்டது. பொற்கொல்லன் ஒருவன் குற்றம் சாட்டினான், பாண்டியன் அதைக் கேட்டான், கோவலன் கொல்லப்பட்டான். அரண்மனைக்கு அவன் அழைக்கப்படவில்லை. "இந்தச் சிலம்பு உனக்கு எவ்வாறு வந்தது?" என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் காப்பியமே வேறாக முடிந்திருக்கும். பாண்டியன் கொடியவன் அல்லன். தவறு தெரிந்தபோது உயிரையே விட்டவன். நல்லவன் ஒருவன், மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொன்னான் என்பதே அங்கு நிகழ்ந்த அநீதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் இந்த இடத்திற்கே திரும்பி வருவேன்.

யார் இவர்?

நான் எடுத்துக்கொண்ட நீதிபதி சர் ஸையித் ஃபஸ்ல் அலீ அவர்கள். 1886இல் பீகாரில் பிறந்தவர். பாட்னா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். 1946இல் நடைபெற்ற கடற்படை வீரர்களின் கிளர்ச்சியை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1950 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தொடங்கப்பட்டபோது அமர்ந்த முதல் ஆறு நீதிபதிகளுள் ஒருவர். பின்னர் ஒரிஸாவுக்கும் அஸ்ஸாமுக்கும் ஆளுநராக இருந்து, 1959இல் காலமானார்.

பீகாரில் பிறந்தவரைப் பற்றி மதுரையில் ஏன் பேச வேண்டும் என நீங்கள் கேட்கலாம். அவர் பெயரை நிலைநிறுத்திய வழக்கு நம் மாநிலத்தின் மீது தொடரப்பட்ட வழக்கு என்பதே அதற்கு விடை.

1950ஆம் ஆண்டு வழக்கு

அப்போது மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இணைந்திருந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சென்னை அரசின் சிறைகளில் இருந்துவந்தார். 1950 ஜனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின்படி மார்ச் 1ஆம் நாள் சிறைக்குள் இருந்த கோபாலனிடம் புதிய ஆணை ஒன்று வழங்கப்பட்டது. தடுப்புக் காவல் என்பது செய்த குற்றத்திற்கான தண்டனை அன்று. இனிமேல் செய்துவிடுவார் என்ற ஐயத்தின்பேரில், விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைப்பது. கோபாலன் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவருக்காகச் சென்னை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வாதாடினார்.

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறையின்படி அல்லாமல் எவருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று கூறுகிறது. கேள்வி எளிமையானது. நாடாளுமன்றம் எழுதிவைத்த எந்த நடைமுறையும் "நடைமுறை" ஆகிவிடுமா? அல்லது, அது நீதியான நடைமுறையாகவும் இருக்க வேண்டுமா?

1950 மே 19ஆம் நாள் ஆறு நீதிபதிகளும் தீர்ப்பு வழங்கினர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடலாகாது என்ற 14ஆம் பிரிவு செல்லாது என்பதில் அறுவரும் ஒன்றுபட்டனர். ஏனைய பகுதிகள் செல்லும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. சட்டம் என்றால் சட்டமன்றம் இயற்றிய சட்டமே; இயற்கை நீதி என்பது வரையறைக்கு அடங்காதது; அதை அளவுகோலாகக் கொண்டால் நீதிபதி தம் விருப்பத்தையே சட்டமாக்கிவிடுவார் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொருளற்றதன்று. "உரிய சட்ட நெறி" என்னும் அமெரிக்கச் சொற்றொடரை அரசியல் நிர்ணய சபை ஆய்ந்து பார்த்து விலக்கியதும், ஜப்பானிய அரசமைப்புச் சட்டத்தை ஒட்டிய சொற்றொடரை ஏற்றதும் உண்மையே. பெரும்பான்மையினரும் நேர்மையான நீதிபதிகளே.

ஆயினும், ஃபஸ்ல் அலீ அவர்கள் உடன்படவில்லை.

அந்த நான்கு

ஜப்பானிலிருந்து சொல் வந்தது என்றால், அந்தச் சொல் அங்கே எந்தப் பாதுகாப்புகளுக்கு நடுவில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். சட்டம் என்னும் சொல்லுக்குள் நீதியின் அடிப்படைக் கூறுகள் அடங்கியே இருக்கின்றன என்றார். வரையறைக்கு அடங்காதது என்று சகநீதிபதிகள் கருதியதை அவர் நான்கே நெறிகளாக வரையறுத்துக் காட்டினார்.

முதலாவது, அறிவிப்பு. உன்மீது இன்ன புகார் உள்ளது என்று உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, தம் பக்கத்தை எடுத்துரைக்கும் வாய்ப்பு. மூன்றாவது, எந்தப் பக்கமும் சாயாத மன்றம். நான்காவது, ஒழுங்கான நடைமுறை.

பெரியோர்களே, இந்த நான்கில் எதுவேனும் நமக்குப் புதியதா? அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, முதல்வர் சொன்னதைக் கேட்டதைப் போலவே இரண்டாமவர் சொல்வதையும் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நம் ஹழ்ரத் அவர்கள் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்கள். திருக்குர்ஆனின் ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களிடம் இருவர் வழக்குக் கொண்டுவரும் நிகழ்ச்சி வருகிறது. ஒருவரிடம் 99 ஆடுகள். மற்றவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் கேட்கிறார் என்று முறையிட்டவரின் சொல்லைக் கேட்டதும் தீர்ப்புரைத்த தாவூத் (அலை) அவர்கள், உடனே தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து இறைவனிடம் மன்னிப்புக் கோரினார்கள். மறுதரப்பைக் கேட்பதற்கு முன் தீர்ப்புரைத்ததே அந்தச் சோதனை என்பது விரிவுரையாளர்கள் சிலரின் விளக்கம். முறையிட்டவரின் கதை எவ்வளவு உருக்கமானதாக இருந்தாலும், அது பாதிக் கதையே.

ஓர் "உம்"

ஃபஸ்ல் அலீ அவர்கள் சட்டத்தைப் படித்த முறைக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 22ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவின்படி, ஒருவரை ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமலே மூன்று மாதத்திற்கு மேல் அடைத்து வைக்கலாம். ஆனால், எந்தச் சூழ்நிலைகளிலும், எந்த வகை வழக்குகளிலும் அவ்வாறு செய்யலாம் என்பதை நாடாளுமன்றம் வகுத்திருக்க வேண்டும். சூழ்நிலைகளும் வகைகளும். இந்த "உம்" என்பதை "அல்லது" என்று படிக்கலாம். ஏதேனும் ஒன்றை வகுத்தால் போதும் என்றது பெரும்பான்மை. இரண்டையும் வகுக்க வேண்டும் என்றார் ஃபஸ்ல் அலீ. நீதிபதி மகாஜனும் அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு செல்லாது என்றே தீர்ப்பளித்தார்.

ஒரு சிறு சொல்லுக்கு இத்தனை வாதமா என்று உலமாக்கள் வியக்க மாட்டார்கள். ஒளூ பற்றிய வசனத்தில் வரும் "வாவ்" என்னும் எழுத்து வரிசையைக் குறிக்கிறதா, சேர்த்தலை மட்டும் குறிக்கிறதா என்பதை உஸூல் நூல்கள் எத்தனை பக்கங்களில் ஆராய்கின்றன! ஒளூவில் வரிசை ஷாஃபிஈ மத்ஹபில் கடமை. ஹனஃபீ மத்ஹபில் சுன்னத். ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம். ஓர் எழுத்தின் பொருளைப் பற்றிக் கண்ணியத்தோடு வேறுபடுகிறோம். சட்டநூலை மதிப்பவர் அதன் ஒவ்வோர் எழுத்தையும் மதிப்பார். அந்த ஓர் எழுத்தினால் ஒரு மனிதன் சிறையில் கிடப்பதும் வீடு திரும்புவதும் முடிவாகும் என்றால், இன்னும் கூடுதலாக மதிப்பார்.

எந்தக் கட்சியையும் சேராதவர்

இதைக் கேட்டு, அவர் எப்போதும் அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். கோபாலன் தீர்ப்பு வந்த ஒரே வாரத்தில், மே 26ஆம் நாள், மற்றொரு தீர்ப்பு வந்தது. அதுவும் சென்னை அரசின் மீதான வழக்குத்தான். பம்பாயிலிருந்து வெளிவந்த "கிராஸ் ரோட்ஸ்" இதழைச் சென்னை மாநிலத்திற்குள் வரவிடாமல் அரசு தடை செய்திருந்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடுத்தார். தடை செல்லாது என்றது பெரும்பான்மை. அத்தீர்ப்பை எழுதியவர், கோபாலன் வழக்கில் அரசின் பக்கம் நின்ற தமிழரான பதஞ்சலி சாஸ்திரி. தடை செல்லும் என்று தனித்து நின்றவர், கோபாலனுக்காகத் தனித்து நின்ற அதே ஃபஸ்ல் அலீ!

பொது அமைதி பெரிதும் குலையுமானால் அது நாட்டின் பாதுகாப்பையே தொடும் என்பது அவர் கருத்து. அந்த வழக்கில் பெரும்பான்மையே சரி என்பது என் எண்ணம். நீங்கள் வேறுவிதமாக எண்ணலாம். நான் சொல்ல வருவது இதுதான்: வாதியின் முகத்தைப் பார்த்து இவர் எப்படித் தீர்ப்பளிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாத நீதிபதி அவர். ஏடு எங்கே இட்டுச் சென்றதாக அவர் கருதினாரோ அங்கே சென்றார்.

தனித்து நின்றவரின் சொல்

கோபாலன் வழக்கில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பினால் அன்று ஒருவரும் விடுதலை அடையவில்லை. அடிப்படை உரிமைப் பிரிவுகள் தனித்தனி அறைகள் அல்ல, ஒன்றோடொன்று இணைந்தவை என்றும் அவர் எழுதியிருந்தார். அதை ஏற்பார் அன்று இல்லை. அவர் காலமாகிப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1970இல் வங்கி தேசியமய வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தனித்தனி அறைக் கொள்கையைக் கைவிட்டது. 1973இல் சம்பு நாத் சர்க்கார் வழக்கில், அந்த "உம்" என்பதற்கு "உம்" என்றே பொருள் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1978 ஜனவரி 25இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நீதியானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அன்று அமர்ந்த எழுவருள், பெரும்பான்மைத் தீர்ப்பில் இணைந்தவர்களுள், ஒருவர் பெயர் ஸையித் முர்தஸா ஃபஸ்ல் அலீ. 1950இல் தனித்து நின்றவரின் மகன்!

இதைக் கேட்டதும் உங்கள் முகங்களில் மகிழ்ச்சி தெரிகிறது. ஆனால், மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நானே அநீதி செய்தவனாவேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28ஆம் நாள், காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தையே அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருள் நால்வர் அவ்வாறு கூறினர். நால்வருள் ஒருவர் நம் சமுதாயத்தவரான நீதிபதி எம்.ஹெச். பேக். எதிர்த்து நின்ற ஒரே ஒருவர் எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில், மூத்தவரான கன்னாவைத் தாண்டிப் பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். நால்வருள் மற்றொருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த 1976 தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அதற்கான முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். அதே அமர்வில், உச்ச நீதிமன்றத்தின் மாபெரும் மாறுபட்ட தீர்ப்புகள் என மூன்று போற்றப்பட்டன: ஃபஸ்ல் அலீ, சுப்பாராவ், கன்னா ஆகிய மூவருடையவை.

ஒரு மகன் தந்தையின் சொல்லை நிலைநாட்டினார். ஒரு மகன் தந்தையின் சொல்லைத் திருத்தினார். இருவர் செய்ததும் நீதியே. உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது நான்காம் அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளையின் கருத்து. நீதிபதி எந்தச் சமுதாயத்தவர் என்று அது கேட்கவில்லை. நேற்று அளித்த தீர்ப்பு இன்று உண்மையின்பால் திரும்பத் தடையாகலாகாது என்ற கருத்தைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய மடலிலும் காண்கிறோம்.

தாம் பிறந்த மண்ணின் வழக்கு

தீர்ப்பு எழுதுவதில் மட்டுமன்றி வாழ்விலும் அவர் அந்த நெறியைக் கைக்கொண்டார். 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டபோது அதன் தலைவரானார். குன்ஸ்ரூ, பணிக்கர் ஆகிய இருவரும் உறுப்பினர்கள். எல்லைத் தகராறுகள் எங்கும் எரிந்துகொண்டிருந்த காலம். பீகாருக்கும் வங்காளத்திற்கும், பீகாருக்கும் ஒரிஸாவுக்கும் இடையிலான எல்லை வழக்குகள் வந்தபோது, பீகாரோடு தமக்குள்ள நெடுங்காலத் தொடர்பைக் காரணம் காட்டி, அவற்றை விசாரிப்பதிலும் முடிவு செய்வதிலும் தாம் பங்குகொள்ளவில்லை. ஆணையத்தின் அறிக்கையிலேயே அது பதிவாகியுள்ளது. தலைவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர், "இது என் ஊர் விஷயம், நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று ஒதுங்குவது எளிதன்று.

1955இல் வந்த அந்த அறிக்கை தமிழர்களான நமக்கு முழு மனநிறைவு தந்தது என்றும் சொல்ல இயலாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையும் தமிழர் பக்கம் சேர அது பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது. ஆனால், தேவிகுளமும் பீர்மேடும் மலையாள மாநிலத்திலேயே இருக்க வேண்டும் என்றது. நம் மதுரைச் சமவெளியின் நெல்லுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை அந்தப் பீர்மேட்டில்தான் இருக்கிறது. நம் உழவர்களுக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு. முடிவை ஏற்காதவரும், முடிவெடுத்தவரின் நேர்மையை ஐயுறாமல் இருக்க வேண்டுமானால், தனக்கு உறவான வழக்கிலிருந்து எழுந்து நிற்கும் பழக்கம் அவரிடம் இருக்க வேண்டும். நாம் பார்க்கும் அந்த மூன்றாவது நெறி அதுவே.

நம் நிர்வாக அறையில்

இனி நம்மிடம் வருவோம். தடுப்புக் காவல் இன்றும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமும் உள்ளன. தென்மாவட்டங்களிலிருந்து ஆட்கொணர்வு மனுக்கள் நம் ஊரிலுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்கு வருகின்றன. காவலுக்கான காரணங்கள் அவருக்குத் தெரிந்த மொழியில் தரப்படவில்லை என்பதற்காகவே ஆணைகள் தள்ளுபடியாவதைக் காண்கிறோம். ஓர் ஏழைத் தாய் தன் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். அறிவிப்பு என்ற முதலாவது நெறி இன்றும் உயிர் காக்கிறது.

அரசிடம் நாம் இதைக் கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. ஆனால், நாம் பிறருக்கு இதைக் கொடுக்கிறோமா?

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மதுரைக்கு வெளியே, கண்மாயும் வயலும் சூழ்ந்த ஓர் ஊரின் ஜமாஅத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். கணவர் ஒருவர் மனுக் கொடுத்தார். மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குச் சென்றுவிட்டார், நகைகளை எடுத்துச் சென்றார், அழைத்தும் வரவில்லை என்பது மனு. சட்டம் படித்தவன் என்று என்னையும் அக்கூட்டத்திற்கு அழைத்திருந்தார்கள். பெண்ணுக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று ஒருவர் கேட்டார். சொல்லியாயிற்று, அவர் வரவில்லை என்றார்கள். தீர்மானம் முன்பே எழுதப்பட்டிருந்தது. குற்றம் பெண் மீதே என்று அவருடைய மஹல்லாவுக்குக் கடிதம் எழுதினோம். நானும் கையெழுத்திட்டேன்.

அந்தக் கடிதத்தைக் கண்ட அவருடைய ஜமாஅத்தார், அவர் தங்கையின் நிக்காஹுக்கு வழங்க வேண்டிய கடிதத்தை நிறுத்தி வைத்தார்கள். நிச்சயித்த திருமணம் மாதக்கணக்கில் நின்றது. ஒரு நாள் அஸருக்குப் பின் அந்தப் பெண்ணின் தாயார் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். அவர் கையில் ஓர் அடகுச் சீட்டு இருந்தது. நகைகளை அடகு வைத்தவர் கணவர். சீட்டில் அவருடைய பெயரே இருந்தது. "என் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, அத்தா?" என்று மட்டும் முத்தவல்லியிடம் கேட்டார். விசாரித்தபோதுதான் தெரிந்தது: பெண்ணுக்குச் சேர்க்க வேண்டிய அறிவிப்பைக் கணவரின் அண்ணனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அது சேரவே இல்லை. கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் கணவரின் தாய்மாமன்.

எண்ணிப் பாருங்கள். அறிவிப்பு இல்லை. கேட்கும் வாய்ப்பு இல்லை. சாயாத மன்றம் இல்லை. தீர்மானத்தை முன்பே எழுதியதால் ஒழுங்கான நடைமுறையும் இல்லை. நான்கு நெறிகளில் நான்கையும் மீறியிருந்தோம். அவற்றைச் சட்டக் கல்லூரியில் படித்துத் தேறிய நானும் அங்கேதான் இருந்தேன். பாண்டியனின் அவையில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவனாக என்னை நான் அன்று உணர்ந்தேன்.

அந்த முத்தவல்லி மறைந்துவிட்டார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர் மறுநாளே கூட்டத்தைக் கூட்டித் தீர்மானத்தை ரத்து செய்தார். ரத்து செய்த கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் தாமே பேருந்தில் எடுத்துச் சென்று, அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். தங்கையின் நிக்காஹ் நடந்தது. தீர்ப்பைத் திருத்துவதில் வெட்கம் இல்லை என்பதை உமர் (ரலி) அவர்களின் மடலை அறியுமுன்பே அவரிடம் நான் கற்றேன்.

சட்டநிலையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய மன்றங்களின் முடிவுகளுக்குச் சட்ட வலிமை இல்லை, எவர்மீதும் அவற்றைத் திணிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் தீர்ப்பளித்தது. பள்ளிவாசல்களில் நீதிமன்றம்போல் அமைப்புகள் இயங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. நாம் சமரசம் செய்து வைக்கலாம்; அறிவுரை கூறலாம். தீர்ப்பளிக்கவும் தண்டிக்கவும் நமக்கு அதிகாரம் இல்லை. ஆயினும், ஒரு பெண்ணின் தங்கைக்குக் கடிதத்தை நிறுத்துவது தண்டனை இல்லாமல் வேறென்ன? கையில் அதிகாரம் இல்லாத இடத்திலும் மனிதர்களைக் காயப்படுத்தும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே, நெறிகள் நமக்குக் கூடுதலாகவே தேவை.

நிர்வாகக் குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: எந்தக் குடும்ப மனு வந்தாலும், அதன் நகலோடு மறுதரப்பினருக்கு நேரடியாக அறிவிப்புச் சேர வேண்டும். ஒப்புகை பெற்ற பின்னரே பேச்சைத் தொடங்க வேண்டும். எதிர்த்தரப்பின் உறவினர் கையில் கொடுத்தனுப்பலாகாது.

இரண்டு: இரு தரப்பினரையும் கேட்டாக வேண்டும். பெண்கள் தம் மனத்தில் உள்ளதைக் கூச்சமின்றிக் கூறும் வகையில், மூத்த தாய்மார் இருவர் உடனிருக்க வேண்டும். வர இயலாதவர் எழுதி அனுப்பினால், அதைக் கூட்டத்தில் முழுமையாக வாசிக்க வேண்டும்.

மூன்று: உறவோ, கொடுக்கல் வாங்கலோ, பகையோ உள்ள உறுப்பினர் அன்று எழுந்து வெளியே சென்றுவிட வேண்டும். மாநிலங்களின் எல்லையையே வகுத்தவர் எழுந்து நின்றார் என்றால், நமக்கு அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நான்கு: கூறப்பட்ட அறிவுரையும் அதன் காரணமும் தீர்மானப் புத்தகத்தில் கூட்டத்திற்குப் பின்னரே எழுதப்பட வேண்டும், நகல் இரு தரப்பினருக்கும் தரப்பட வேண்டும். இது அறிவுரையே, ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். குடும்பத்தில் வேறொருவர்மீதுள்ள மனுவைக் காட்டி எவருடைய நிக்காஹ் கடிதத்தையும் நிறுத்தலாகாது.

அன்பிற்குரியவர்களே! ஃபஸ்ல் அலீ அவர்கள் 1950இல் எழுதியதை நாடு ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் ஜமாஅத் ஏற்க ஒரு கூட்டம் போதும். அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிய பேச்சு டெல்லியைப் பற்றிய பேச்சு என்று எண்ணாதீர்கள். ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்க இருவர் கூடும் இடமெல்லாம் அந்தப் பேச்சுக்கு உரிய இடமே. அடுத்த முறை ஒரு மனுவோடு ஒருவர் கண்ணீருடன் நம் முன் நிற்கும்போது, அவருக்காக இரங்குவோம்; அதே வேளையில், வாசலுக்கு வெளியே இன்னும் அழைக்கப்படாத ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைப்போம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மை நீதி செலுத்துவோரின் கூட்டத்தில் சேர்த்தருள்வானாக! நாம் அறிந்தும் அறியாமலும் எவருக்கேனும் இழைத்த அநீதியை, இம்மையிலேயே திருத்திக்கொள்ளும் வாய்ப்பை நல்குவானாக! ஆமீன்.